டாலாவில் நான் தின்ற விதைச் சோளம்

இந்தப் பதிவில் புத்தர் கோயில் கிடையாது, கடைத்தெருப் படங்களும் கிடையாது. பர்மாவில் யாங்கோன் போய் ஒரு வீட்டின் விதையைத் தின்றுவிட்டு வந்திருக்கிறேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் அந்தப் பக்கம் போகிறவர்கள் படிக்கட்டும்.

போன பிப்ரவரியில் போனேன். காரணம், மண்டான் மக்கள். அமெரிக்காவில் மிசௌரி ஆற்றங்கரையில் வாழ்ந்த பழங்குடியினர். பெண்கள் மக்காச்சோளம், அவரை, பூசணி, சூரியகாந்தி பயிரிடுவார்கள். ஆண்கள் காட்டெருமை வேட்டைக்குப் போவார்கள். மாதக்கணக்கில் அவர்களைப் பற்றியே படித்துப் பைத்தியமாகியிருந்தேன். யாங்கோன் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற டாலாவில் ஒரு தமிழ்க் குடும்பமும் சோளம், அவரை, பூசணி மூன்றையும் ஒரே தோட்டத்தில் போடுகிறது என்று யாங்கோன் நண்பர் சொன்னார். விடுவேனா?

பன்சோடான் துறையில் காலை ஏழு மணிப் படகு. பத்து நிமிஷத்தில் அக்கரை. இறங்கியதும் சைக்காக்காரர்கள் மொய்த்துக்கொள்வார்கள். சைக்கா என்றால் பக்கத்தில் இருக்கை வைத்த மிதிவண்டி. போக, காத்திருக்க, வர எல்லாம் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள். நான் பதினைந்தாயிரம் கியாட் கொடுத்தேன். முக்கால் மணி நேரம் புழுதிதான், முகத்துக்குத் துணி வேண்டும்.

வீட்டுக்காரர் டோ ராஜம்மா. டோ என்பது அங்கே பெரிய பெண்களுக்குச் சொல்லும் மரியாதை. நான் அக்கா என்றேன், அவர் தங்கச்சி என்றார். அவருடைய மகளின் பெயர் மா ஏ, கல்லூரியில் படிப்பவள், தமிழ் புரியும், பேசுவது பாதி பர்மியம். ராஜம்மாவின் கணவர் அறுவடை முடிந்த வயலில் மூங்கில் பொறி வைத்து எலி பிடித்து வந்திருந்தார். மஞ்சளும் மிளகாயும் போட்டு வறுத்து, புளிச்சக்கீரைக் குழம்போடு சோறு போட்டார்கள். முகம் சுளிக்காதீர்கள், நெல் தின்று வளர்ந்த எலி, ருசியோ ருசி.

சாப்பிட்டு முடித்ததும் நான் வாயைத் திறந்தேன். திறந்தால் மூட மாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். மண்டான் பெண்கள் நிலத்தில் குழி வெட்டித் தானியம் சேமிப்பது, வேட்டைக்குப் போகிறவர்களுக்குச் சோளம் வறுத்துக் கொடுப்பது என்று அளந்துகொண்டே போனேன். அப்போது அடுப்புக்கு மேலே பார்த்தேன். உரித்த தோகையைச் சடையாகப் பின்னி, ஐந்து கதிர்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். புகை படிந்த ஊதா மணிகள், அவ்வளவு அழகு.

"அக்கா, இதை வறுத்துப் பார்ப்போமா? அவர்கள் செய்வது மாதிரியே!"

"அது இருக்கட்டும் தங்கச்சி. வேற சோளம் வாங்கியாரச் சொல்றேன்."

விருந்தாளிக்குப் புகை படிந்த பழைய சோளத்தைக் கொடுக்கக் கூடாதென்று உபசாரம் செய்கிறார் என்று நினைத்தேன். "வேண்டாம், இதுதான் வேணும்" என்றேன். மகள் பர்மியத்தில் ஏதோ படபடத்தாள். அம்மா தாழ்ந்த குரலில், "ஆனாடே" என்றார். "ஆனா" என்று இழுக்கிறார் என்று என் காதில் விழுந்தது.

"ஆனாவும் வேண்டாம், ஆவன்னாவும் வேண்டாம், சட்டியைப் போடுங்க!" என்று சிரித்தேன். பெரிய நகைச்சுவை!

அவர் மூன்று கதிர்களை அவிழ்த்து உதிர்த்தார். வறுத்துக்கொண்டே கேட்டார்: "அந்தப் பொம்பளைங்க விதையை எங்கே வைப்பாங்க?"

"நல்ல கதிராப் பொறுக்கி, சடை பின்னித் தொங்கவிடுவாங்க அக்கா" என்றேன், வகுப்பு எடுக்கிற மாதிரி. சொல்லிவிட்டு ஒரு பிடி வாயில் போட்டுக்கொண்டேன்.

சைக்கா வரை கூட வந்த மகள்தான் கடைசியில் சொன்னாள். "சித்தி, அது மே மாசம் போடற விதை. போன மழையில வயல் முழுகிடுச்சு. அது மட்டும்தான் மிச்சம்." ஆனாடே என்றால் என்ன என்று கேட்டேன். ஒருத்தர் மனசு நோகுமே என்று வேண்டாம் என்று சொல்ல முடியாமல் தவிப்பது என்றாள்.

படித்த அத்தனையும் தலைக்கு மேலே தொங்கியிருக்கிறது, என் கண்ணுக்குத் தீனி மட்டும் தெரிந்திருக்கிறது. சீ என்று ஆகிவிட்டது.

மறுநாள் யாங்கோனின் லத்தா பகுதிக் கடைகளில் அலைந்து ஒரு விதைப் பொட்டலம் வாங்கிக்கொண்டு திரும்பப் போனேன். ராஜம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். கடை விதை ஒரு போகத்துக்குத்தான், அதிலிருந்து விதை எடுக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். வேறு என்ன கொண்டுபோவேன்?

"அக்கா, மன்னிச்சுக்குங்க. பக்கத்தில் யாரிடமாவது இந்த ஊதாச் சோளம் இருக்குமா?"

"யாருகிட்டேயும் இல்லை தங்கச்சி. ரெண்டு கதிர் இருக்கே, போதும்."

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. பிற்பகல் வெயில் தாங்காது, காலையிலேயே போய்விடுங்கள். தண்ணீர் கொண்டுபோங்கள். யார் வீட்டிலாவது ஒரு பொருளைக் கேட்டு, அவர்கள் "இருக்கட்டும்" என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டாம் முறை கேட்டால் கொடுத்துவிடுவார்கள்.

அன்று நான் கிளம்பும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டு ராஜம்மா கையைப் பிடித்துக்கொண்டார். "இந்த வருஷம் விளையறதை நாங்க திங்க மாட்டோம், எல்லாம் விதைக்கு வச்சிருவோம். அடுத்த வருஷம் வா தங்கச்சி, வயிறார வறுத்துத் தரேன்."