மூன்று துப்பாக்கி வண்டி

மயிலாப்பூரில் எங்கள் வீட்டை இடித்துக் கட்டிய ஃபிளாட்டின் வாசலில் இன்று யாரோ பழைய மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினார்கள். அந்தப் பெட்ரோல் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு ஆறு வயதாகிவிட்டது.

முப்பதுகளில் அப்பா வாங்கிய சீமை மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டாங்கியில், ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்திய மூன்று துப்பாக்கிகள் வரைந்திருக்கும். "இந்தக் கம்பெனிக்காரன் முன்னாடி பட்டாளத்துக்குத் துப்பாக்கி பண்ணிண்டிருந்தான்" என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடிப்பார். மிச்சமான துப்பாக்கிகளை அந்த டாங்கிக்குள்தான் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று நான் நம்பினேன்.

தினமும் அப்பா ஆபீஸ் கிளம்பும்போது, சகுனத்துக்காக அம்மா நிறைகுடத்தோடு வண்டிக்கு நேர் எதிரே வருவாள். வண்டி இரண்டு உதைக்கு இருமி, மூன்றாவதில் டமார் என்று வெடிக்கும். ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கண்ணை இறுக மூடிக்கொள்வேன். அம்மாவைச் சுட்டுவிட்டது என்றே ஒவ்வொரு நாளும் நினைப்பேன். புகை தொண்டையில் கமற, வண்டிச் சத்தம் குளக்கரை திரும்பித் தேயும்வரை மூச்சு விடமாட்டேன். "ஏண்டி, இன்னும் தலை பின்னிக்கலையா?" என்று அம்மாவின் குரல் கேட்டால்தான் கண்ணைத் திறப்பேன்.

இன்றும் அந்த வெடிச் சத்தத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டேன். வண்டி போய் வெகுநேரமாகியும் திறக்கவில்லை. யாரும் என்னைத் தலை பின்னிக்கொள்ளச் சொல்லவில்லை.