சிவப்புப் புள்ளி தவறிய இடம்

தேர்தலுக்காகக் காவல் நிலையத்தில் ஒப்படைத்த துப்பாக்கியை வாங்கிய நிலையிலேயே திருப்பித் தர வேண்டும் என்பது விதி. ஆம்பூரில் என் துப்பாக்கி திரும்பி வந்தபின், குறிநோக்கியின் சிவப்புப் புள்ளி நடுவில் நின்றாலும் ரவைகள் ஒரு சாண் தள்ளியே விழுந்தன. நேரே நிலையத்துக்குப் போய், துப்பாக்கிகளுக்குப் பொறுப்பாயிருந்த காவலரிடம் கத்தினேன்.

"ஏம்ப்பா, கீழ போட்டியா?"

"இன்னா சார் இது! நீங்க குடுக்கும்போதே குறிநோக்கி ஸ்க்ரூ ஆடுச்சு. ரசீதுல எழுதினேன், நீங்கதான கையெழுத்துப் போட்டீங்க," என்றார் காவலர்.

"முப்பது வருஷம் ஆபீஸ் நடத்துனவனுக்கே பாடமா?"

ரசீதைப் பிரித்தும் பார்க்காமல் மேலிடத்துக்குப் புகார் எழுதினேன். விசாரிக்காமலே அவரை ஆலங்காயத்துக்கு மாற்றினார்கள். பிறகுதான் ரசீதின் நகலோடு பதில் வந்தது. அவர் சொன்னது அத்தனையும் அதில் இருந்தது, கீழே என் கையெழுத்தும். அப்படி மாற்றிய அதிகாரிமேல் வந்த கோபத்தைவிட என்மேல் வந்ததுதான் இன்னும் ஆறவில்லை. பதில் வந்த தேதி, அந்தக் காவலர் குடும்பத்தோடு வீட்டைக் காலி செய்த மறுநாள்.