சாக்குருவிக்கு ஒரு தேயிலைப் பெட்டி

உங்கள் தெருவில், ஒழுங்கையில் ஒரு குழந்தை செத்தால் யார்மீது கோபப்படுவீர்கள்? பாலையூற்றில் ஓர் ஒழுங்கை ஆந்தைமீது கோபப்பட்டது.

அந்த ஒழுங்கையில் குடியிருந்தவர் ஸல்ஹா. துறைமுகக் களஞ்சியங்களில் எலி கடித்த அரிசிச் சாக்குகளை வீட்டுக்குக் கொண்டுவந்து தைத்துக் கொடுப்பது அவர் தொழில். அறுபத்து நாலாம் ஆண்டுச் சூறாவளி அவர் வீட்டு வளவில் நின்ற தென்னையின் தலையைத் திருகி எறிந்துவிட்டது. மொட்டையாக நின்ற மரத்தின் பொந்தில் மறுவருடம் வெள்ளை ஆந்தைச் சோடி ஒன்று குடிவந்தது. சாவைக் கூவி அழைக்கும் சாக்குருவி என்று சனம் பயந்தது. ஸல்ஹா வேறொன்றைக் கவனித்தார். தைத்து அடுக்கிய சாக்குகளை எலி மறுபடி கடிப்பது நின்றுபோயிருந்தது.

பக்கத்து வளவுச் சின்னராசாவின் இரண்டு வயது மகள் வயிற்றோட்டத்தில் மூன்றே நாளில் போனாள். அதற்கு முதல்நாள் சாக்குருவி கத்தியதாம். அது தினமும்தான் கத்தியது. எவரும் சாகாத நாட்களை ஒருவரும் எண்ணி வைக்கவில்லை.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் காலை சின்னராசா கோடரியோடு வந்தார். பின்னால் அயலே திரண்டு நின்றது.

"விலகுங்கோ அக்கா. இது என்ர பிள்ளையைத் திண்டது."

"தம்பி, அது என்னத்தைத் திண்டதெண்டு காட்டுறன். பார்த்திட்டு வெட்டுங்கோ."

ஸல்ஹா ஒரு சுளகைக் கொண்டுவந்து வைத்தார். அதில், ஆந்தை விழுங்கிச் செமிக்காமல் கக்கிய கறுத்த உருண்டைகள். மரத்தடியில் பொறுக்கியவை.

கடைக்கார லாபிர் சிரித்தார். "ராத்தா இனிக் குறி சொல்லப்போறா!"

"ஓம், சொல்றன்." சாக்கு தைக்கும் ஊசியால் ஓர் உருண்டையைப் பிளந்தார். மயிருக்குள் எலியின் மண்டையோடு. "உன்ட கடை மாச் சாக்கில ஓட்டை போட்ட கள்ளன் இந்தா கிடக்கிறான், லாபிர்."

கூட்டம் சிரித்தது. சின்னராசா சிரிக்கவில்லை. ஸல்ஹா பிளந்துகொண்டே போனார். எல்லாவற்றிலும் எலி எலும்புதான்.

"அப்ப என்ர பிள்ளை?" என்றார் சின்னராசா.

ஸல்ஹா ஊசியைக் கீழே வைத்தார். "கிணத்தடியைப் போய்ப் பாருங்கோ தம்பி. கான் அடைச்சு எத்தனை மாசம்? ஊத்தைத் தண்ணி எங்க போய் ஊறுது?"

கழிவுநீர் ஓடும் அந்தக் கானைத் துப்புரவாக்க வேண்டிய நகரசபைக்காரர்கள் பெரிய வீதிகளோடு திரும்பிவிடுவார்கள். அது எல்லோருக்கும் தெரியும். அவர்கள் வாசலுக்கு ஒருவரும் கோடரியோடு போனதில்லை.

சின்னராசா கிணற்றடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு கோடரியைச் சாத்திவிட்டு மண்வெட்டி கேட்டார். அன்று பின்னேரம்வரை ஒழுங்கையே கானுக்குள் நின்றது.

அந்தத் தென்னை அடுத்த மாரியில் தானாக விழுந்தது. அதற்கு முன்பே தொடங்கி, ஸல்ஹா துறைமுகத்தில் கழித்துவிட்ட தேயிலைப் பெட்டிகளை வாங்கி, வீடுவீடாகப் போய்க் கதைத்து, ஆந்தை குடியிருக்கவென்று ஒவ்வொன்றாக ஏழு மரங்களில் கட்டுவித்தார். நாலில் அணில் குடியேறியது. ஒன்றில் குளவி. இரண்டில் ஆந்தை வந்தது. ஒன்று சின்னராசாவின் பூவரசு மரத்துப் பெட்டி. அதைக் கட்டச் சம்மதிக்க அவருக்கு இரண்டு வருடம் பிடித்தது; ஸல்ஹா அவசரப்படுத்தவில்லை.

வாசகரே, ஒரு பழைய பலகைப் பெட்டி போதும். இந்தக் கிழமையே உங்கள் வளவு மரத்தில் உயரக் கட்டுங்கள். அயல் வீட்டுக்காரர் பயந்தால், அவரையே ஏணியைப் பிடிக்கச் சொல்லுங்கள்.