டொமினிக்காவுக்கு என்னோடு வர ஒருவர்

1. ஜனவரியில் பன்னிரண்டு நாள் லீவு கேட்டேன். கிடைத்தது.
2. கரீபியக் கடலில் இருக்கும் டொமினிக்காத் தீவுக்குப் போக இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு விசா தேவையில்லை என்று உறுதி செய்துகொண்டேன்.
3. ஆனால் வழியில் இரண்டாவது தடவை விமானம் மாறும் நாட்டுக்கு, விமான நிலையத்தை விட்டு வெளியே வராவிட்டாலும், விசா வேண்டும் என்று தெரிய வந்தது. விண்ணப்பித்தேன்.
4. என் அண்ணன், நானா, கூட வந்தால் போகலாம் என்று உம்மா சொன்னார். நானா சரி என்றார்.
5. உம்மா சாப்பாட்டு மேசையில் கிடந்த என் வரைபடத்தைப் பார்த்தார்.
6. என் பயணம் மக்காவுக்கு உம்றாப் பயணமாகிவிட்டது.

ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில் நடந்ததற்கு நான்தான் காரணம். கொழும்பிலிருந்து டோஹா, அங்கே ஒன்பது மணித்தியாலம் காத்திருப்பு, பிறகு மேற்கே என்று கோடு இழுத்து வைத்திருந்தேன். உம்மா டோஹாவில் விரலை வைத்தார்.

"இதில இருந்து மக்கா எவ்வளவு தூரம் மகள்?"

தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். கேட்ட கேள்விக்குச் சரியான அளவைச் சொல்லிப் பழகிய வாய். "மக்காவுக்குப் பக்கத்தில ஜித்தா. அங்க ரெண்டரை மணித்தியாலம்," என்றேன்.

"ரெண்டரை மணித்தியாலம்," என்று உம்மா நானாவைப் பார்த்தார். "அவ்வளவு பக்கத்தால போய், எட்டிப் பாக்காமப் போறதா?" உம்றாவுக்குப் போவதென்று அந்த இடத்திலேயே நிய்யத் வைத்துவிட்டார். மறுநாள் உம்மாவின் தங்கை, சாச்சியும் சேர்ந்துகொண்டார். நானா ஒருவரே எங்கள் மூன்று பேருக்கும் மஹ்ரம், துணை வரத் தகுந்த நெருங்கிய ஆண் உறவு. எல்லோருக்கும் வசதி.

பன்னிரண்டு நாளில் பத்து நாள் உம்றாவுக்கு. மிச்சம் இரண்டு நாளில் அத்திலாந்திக்கைத் தாண்ட முடியாது. லீவைத் தள்ளிப்போடவும் முடியாது. நான் களப்போரத்துக் காற்றாலைகளில் வேலை செய்கிறேன். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இயந்திரங்களை விட்டுவிட்டு வர முடியாது. காற்று விழுந்த மாதங்களில் அவற்றைக் கழற்றிப் பூட்டுகிற வேலை. என் முறையை ஏற்க ஒருவர் சம்மதித்தது அந்த ஜனவரிக்கு மட்டும்தான்.

உம்றாவுக்கு எதிராக எங்கள் வீட்டில் யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது. நானும் சொல்லவில்லை. எனக்கும் போக ஆசைதான். ஆனால் இந்தப் பன்னிரண்டு நாளை நான் வேறொன்றுக்காகக் கேட்டிருந்தேன். ஆலங்குடாக் கடற்கரையில் மூன்று வருடமாக, காலையில் காற்று எழும்ப முன், முழங்கால் உயர அலையில் அலைச்சறுக்குப் பலகையில் நிற்கப் பழகுகிறேன். முழுக்கை உடுப்பும் தலைத்துணியுமாக ஒரு பெண் பலகையில் எழும்பினால், கரையில் வலை உதறுகிறவர்களிலிருந்து பட்டத்தைப் பிடித்துக் கடலில் சறுக்க வந்த வெள்ளைக்காரர் வரை எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். விழுந்தால் அறிவுரை சொல்வார்கள். டொமினிக்காவின் கிழக்குக் கரையில் ஜனவரியில் நல்ல அலை இருக்கும், ஆள் இருக்காது என்று வாசித்தேன். எனக்கு வேண்டியது அந்த இரண்டும்.

அதற்குள் உம்மா கரைத்தீவுக்குப் புறப்பட்டார். உம்றாவுக்குப் போகிறவர் முதலில் சொந்தங்களிடம் மாப்புக் கேட்க வேண்டும். தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த எங்கள் ஊர்ச் சனம் அங்கேதான் நிறைய. வாப்பா திரீவீலை ஓட்டினார், உம்மாவும் நானும் பின்னால். பதினொரு வீடு. வீட்டுக்கு வீடு உம்மா கையைப் பிடித்து, "தெரிஞ்சும் தெரியாமலும் ஏதும் செய்திருந்தா மன்னிச்சிருங்க," என்றார். அவர்கள் அழுதார்கள், தேத்தண்ணி தந்தார்கள், மக்காவில் தங்களுக்காகக் கேட்க வேண்டிய துஆவுக்கு என்னிடம் ஆள் ஆளாய் விபரம் தந்தார்கள். மகனுக்கு வேலை, மருமகளுக்குப் பிள்ளை, முழங்கால் வலி. என் கொப்பியில் நாற்பத்தொரு வரி சேர்ந்துவிட்டது.

கடைசி வீட்டில் ஒரு மாமி கேட்டார்: "நீ ஏதோ கடல்ல பலகையில நிக்கப் போறாய் எண்டல்லோ கேள்விப்பட்டன்?"

"அது வேற மாமி."

"நல்லது. பலகையில நிண்டு யாருக்கு நன்மை?"

திரும்பும் வழியில் இனியும் பேசாமல் இருந்தால் நாற்பத்தொன்று ஐம்பதாகும் என்று தோன்றியது. "உம்மா, இந்த முறை நான் உம்றாவுக்கு வரல்ல. நீங்க மூண்டு பேரும் போங்க. நான் டொமினிக்காவுக்குத்தான் போறன்."

உம்மா கோபப்படவில்லை. கணக்கைத் தீர்க்கிற மாதிரி நிதானமாகக் கேட்டார். "நானா எங்களோட. அப்ப உன்னோட ஆர்?"

"நான் இருக்கிறன்தானே," என்றார் வாப்பா, தெருவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வாப்பா விமானத்தில் ஏறியதில்லை. ஏறப் பயம், அதை அவர் மறைத்ததும் இல்லை. உம்மா பல வருடமாக மக்காவுக்குக் கூப்பிட்டு, பல வருடமாக அதே பதிலைக் கேட்டவர்.

"என்னோட அல்லாஹ்ட வீட்டுக்கு வாறதுக்குப் பயம்," என்றார் உம்மா. "இவளோட அலையில விழப் போறதுக்குப் பயமில்ல."

"பயம்தான். உன்னோட போறதுக்கு மகன் இருக்கான். இவளோட போக ஆளில்லையே."



வாப்பா சொன்ன சொல்லை மாற்றவில்லை. ஆனால் அவரிடம் பாஸ்போர்ட் இல்லை. பாஸ்போர்ட்டுக்குப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் வேண்டும். அது தொண்ணூறில் விட்டுவிட்டு வந்த வீட்டின் அலுமாரியில் இருந்தது. இப்போது அலுமாரியும் இல்லை, வீடும் இல்லை. பிரதி கேட்டு மன்னாருக்குப் போனோம். பிறந்த வருடத்தை வாப்பா இரண்டு விதமாகச் சொன்னார். கந்தோரில் இருந்தவர் பொறுமையாக இரண்டு வருடத்துப் புத்தகத்திலும் தேடிவிட்டு, ஒன்றிலும் இல்லை, முன்னும் பின்னும் தேட ஒரு கிழமை வேண்டும் என்றார்.

"வாப்பா, பிறந்த வருடம் தெரியாமலா இவ்வளவு நாள் இருந்தீங்க?"

"ஆரும் கேக்கல்லையே மகள்."

இன்றைய நிலவரம் இதுதான். உம்மா, நானா, சாச்சி மூவருக்கும் உம்றா விசா வந்துவிட்டது. நாற்பத்தொரு துஆவையும் படியெடுத்து உம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அவர் வாப்பாவோடு என் மூலம்தான் கதைக்கிறார். என் இடைவழி விசாவும் கிடைத்துவிட்டது. வாப்பாவின் பத்திரம் இன்னும் கிடைக்கவில்லை. அது வந்தால்தான் பாஸ்போர்ட், பாஸ்போர்ட் வந்தால்தான் அவருக்கு இடைவழி விசா. எங்கள் இரண்டு இருக்கைகளையும் வெள்ளிக்கிழமை பின்னேரம் வரை வைத்திருப்பதாக ஏஜென்சியில் சொல்லியிருக்கிறார்கள். இன்று செவ்வாய்.