முதல் கேள்வியோடு முடிந்தவர்கள்

எங்கள் அலுவலகத்தில் அந்த அம்மாளுக்குக் கத்தரி என்று பெயர். முகத்துக்கு நேரே சொல்லமாட்டோம். சொன்னால் நம்மையும் கத்தரித்துவிடுவார். வீடு வீடாகப் போய்க் கேட்கும் கருத்துக்கணிப்புகளுக்குக் கேள்வித்தாள் எழுதுவது அவர் வேலை. நிரப்பி வரும் தாள்களை எண்ணி அட்டவணை போடுவது என் வேலை. பதினாறு வருடம் பக்கத்துப் பக்கத்து மேசை. எனக்கு நாற்பத்தைந்து வயதாகித் தலை வழுக்கையான பிறகும் அவருக்கு நான் தம்பிதான்.

கேள்வி எழுதுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. "வாசல்ல வந்து நிக்கிற பொம்பளைக்கு உள்ள அடுப்பு எரியுது தம்பி. பத்து நிமிஷத்துக்கு மேல இழுத்தா வாய்க்கு வந்ததச் சொல்லி அனுப்பிடுவா" என்பார். சோப்போ செருப்போ, அறுபது கேள்வியோடு வரும் தாள் அவர் கைபட்டால் இருபதாகிவிடும். சம்பந்தமில்லாத ஆளைப் பிடித்து நிறுத்தி வைப்பதை அவரால் பொறுக்கவே முடியாது. அதனால் முதல் கேள்வியிலேயே சல்லடை வைப்பார். இந்தச் சோப்பைப் பயன்படுத்துகிறீர்களா? இல்லை என்றால், 'நன்றி கூறி முடிக்கவும்.'

அப்படித்தான் மீன் கணக்கெடுப்பும் வந்தது. ஏரிக்கு அக்கரையில் இருந்த ஆலை ஏரியில் கழிவை விடுகிறது என்று பேச்சுக் கிளம்பி, 'இந்த ஏரி மீனை உண்ண வேண்டாம்' என்று கரை நெடுகப் பலகை நட்டிருந்தார்கள். ஏரிக்கரை வீடுகளில் யார் எவ்வளவு மீன் சாப்பிடுகிறார்கள், அவர்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று நகராட்சிக்குத் தெரிய வேண்டும். பலகை இருக்கட்டுமா, கழற்றலாமா என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

மூன்று வாரம் அதிலேயே கிடந்தார். நான் 'அடிக்கடி' என்று ஓரிடத்தில் எழுதப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "உன் அடிக்கடி வேற, என் அடிக்கடி வேற. போன ஏழு நாள்ல எத்தனை வேளைன்னு கேளு." துண்டின் அளவைக் காட்ட மூன்று அட்டைகளைத் தன் கையாலேயே வெட்டினார். மீன் தலையைத் தின்பது யார், பெரிய துண்டு யார் தட்டுக்குப் போகிறது என்றுகூட ஒரு கேள்வி இருந்தது. கடைசிப் பக்கம் உடம்பைப் பற்றியது: விரல் மரத்துப்போகிறதா, கை நடுங்குகிறதா, நடக்கும்போது தள்ளாடுகிறதா. முதல் பக்கத்தில் வழக்கம்போல அவருடைய சல்லடை: போன மூன்று மாதத்தில் இந்த ஏரி மீன் சாப்பிட்டீர்களா? இல்லை என்றால், நன்றி கூறி முடிக்கவும்.

எந்தத் தாளும் அச்சுக்குப் போகுமுன் அவர் அண்ணனிடம் ஒருமுறை போகும். அப்பாவும் அம்மாவும் போன பிறகு இவரை வளர்த்து ஆளாக்கிய அண்ணன். ஏரிக்கரையில் படகு எஞ்சின் பழுதுபார்ப்பவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நேரம் குறிப்பதற்காக நானும் கூடப் போனேன்.

"அண்ணா, போன மூணு மாசத்துல ஏரி மீன் சாப்பிட்டியா?"

"இல்ல பாப்பா. நிறுத்திட்டேன்."

"அப்ப அவ்வளவுதான். நன்றி."

"ஏய், இதக் கேக்கவா ரெண்டு பஸ் மாறி வந்தே?"

மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பதினொரு வினாடி என்று எழுதிக்கொண்டேன். மீனில்லாமல் சாப்பாடு இறங்காத மனிதர் ஏன் நிறுத்தினார் என்று எங்கள் இரண்டு பேருக்குமே கேட்கத் தோன்றவில்லை. பலகையைப் பார்த்து நிறுத்தியிருப்பார் என்று விட்டுவிட்டோம். டீ டம்ளரை அவர் இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அதையும் பார்த்தேன். பார்த்து என்ன பிரயோசனம்?

இரண்டாயிரம் வீடு. அறுநூற்று நாற்பது தாள்கள் முதல் கேள்வியோடு நின்றுவிட்டன. ஒரே ஒரு டிக், மற்றதெல்லாம் வெள்ளை. அவற்றைக் கட்டுக் கட்டி அலமாரி மேலே தூக்கிப் போட்டவன் நான்தான். மீதித் தாள்களில், மீன் சாப்பிடுகிறவர்களில், உடம்புக்கு முடியவில்லை என்றவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூடத் தேறவில்லை. அட்டவணையை வண்ணம் போட்டு அழகாகச் செய்தேன். அடுத்த மாதம் பலகைகளைக் கழற்றினார்கள். கத்தரியம்மா என் எதிரிலேயே அண்ணனுக்கு போன் போட்டார்.

"ஒண்ணுமில்லண்ணா, பயப்படாம சாப்பிடு. நானே கணக்கெடுத்துப் பாத்துட்டேன்."

அண்ணன் அதைத் தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறார். தங்கை மேல் அவ்வளவு பெருமை அவருக்கு.

எட்டு மாதம் கழித்து, வேலை செய்துகொண்டிருந்த படகிலிருந்து விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்கு நானும் ஓடினேன். நாக்கு குழறியது, கரண்டியைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு நிதானமாகக் கேட்டார்.

"ஏரி மீன் சாப்பிடுவீங்களா?"

"தினமும்."

"நடுவுல எப்பவாவது நிறுத்துனீங்களா?"

"ஏழெட்டு மாசம் நிறுத்தியிருந்தேன்."

"ஏன் நிறுத்துனீங்க?"

"விரல் மரத்துப் போச்சும்மா. ஸ்பேனர் கையில நிக்காது. நிறுத்துனதும் கொஞ்சம் தேவலாம்னு இருந்துச்சு. அப்புறம் ஒண்ணுமில்லன்னு கணக்கெடுப்புல வந்துச்சு... திரும்பவும் ஆரம்பிச்சேன்."

கத்தரியம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "எங்கிட்ட ஏண்ணா சொல்லல?"

"நீ கேக்கலியே பாப்பா."

குத்திக்காட்ட அவர் அதைச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை, வராந்தாவுக்கு வந்துவிட்டேன். உடம்புக்கு வந்தவர்கள் எல்லாம் பயந்துபோய் ஏற்கெனவே மீனை நிறுத்தியிருந்தார்கள். நிறுத்தியவர்களுக்கு நாங்கள் வாசலிலேயே நன்றி சொல்லி அனுப்பிவிட்டோம். மிச்சம் இருந்தவர்களைப் பார்த்து ஏரி நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தோம். இது புரிய எனக்கு ஓர் அட்டவணை தேவைப்படவில்லை.

மறுநாள் மேலாளர் அறையில், அறிக்கையைத் திரும்பப் பெறச் சொல்லி, கத்தரியம்மா முதல்முறையாகக் குரலை உயர்த்தினார். "அறிக்கை குடுத்தாச்சு, அவங்களும் ஏத்துக்கிட்டாச்சு. இப்பப் போய் தப்புன்னு சொன்னா நம்ம பேரு என்ன ஆகும்?" என்றார் மேலாளர். அதே மாதக் கடைசியில் அண்ணன் போய்விட்டார். அண்ணியின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் கத்தரியம்மா வாசலிலேயே உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன்.

பதினைந்தாம் நாள் வந்து, அலமாரி மேலிருந்த கட்டுகளை எடுத்துத் தரச் சொன்னார். தூசியைத் தட்டி இரண்டு பைகளில் திணித்தோம். ஒரு பையை நான் தூக்கிக்கொண்டேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

ஏரிக்கரையில் முதல் தெரு, முதல் தாளில் இருந்த வீடு. மீன் பொரிக்கும் வாசனை வாசல்வரை வந்தது. கதவைத் திறந்த பெண்ணின் கையில் கரண்டி.

"போன வருஷம் ஏரி மீன் சாப்பிடறதில்லன்னு சொன்னீங்க. ஏன்னு கேக்க வந்தோம்மா."

"அதுவா? என் பொண்ணுக்குக் கால் தள்ளாடுச்சு, பயந்து நிறுத்துனோம். இப்பத்தான் ஒண்ணுமில்லன்னு பலகையக் கழட்டிட்டாங்களே. மறுபடியும் வாங்குறோம்."

யார் வந்திருக்கிறார்கள் என்று பார்க்க அந்தப் பெண் பிள்ளை சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தாள். பத்து வயது இருக்கும்.

"கேக்கறத சீக்கிரம் கேளுங்க. உள்ள அடுப்பு எரியுது."

"அடுப்ப அணைச்சிட்டு வாம்மா" என்று கத்தரியம்மா படியில் உட்கார்ந்தார். "நிறையக் கேக்கணும்."