பிறை தெரியக் கூடாத மாலை

வாடகைச் சைக்கிளுக்காகப் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு வந்த ஒரே மதுரைக்காரன் நானாகத்தான் இருப்பேன். எழுபதுகளின் கடைசி அது. இரண்டு வருடம் சும்மா இருந்து, அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் சாப்பிடப் பழகியிருந்த எனக்கு, ஒருவழியாக வாத்தியார் வேலைக்கு உத்தரவு வந்திருந்தது. குறிப்பிட்ட ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் பள்ளிக்கூடத்தில் ஆஜராக வேண்டும். தவறினால் வேலை பட்டியலில் அடுத்து இருப்பவனுக்குப் போகும். அந்த அடுத்தவன் எங்கள் தெருக்காரன்தான். எனக்குக் காய்ச்சல் என்றால் அவன் முகத்தில் களை வரும்.

வேலையில் சேர மூன்று வாரம் இருந்தது. புத்தியுள்ளவன் வீட்டில் இருந்திருப்பான். நான் ராமேஸ்வரத்தில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி, இலங்கையைக் குறுக்கே கடந்து, கிழக்குக் கரையில் கல்முனைக்கு வந்து சேர்ந்தேன். திரும்பும் கப்பல் சனிக்கிழமை. அதைப் பிடிக்க வேண்டுமானால் வெள்ளிக்கிழமை மத்தியானம் கல்முனையில் பஸ் ஏறி, மட்டக்களப்பில் மாலை ரயிலைப் பிடிக்க வேண்டும். நடுவில் புதனும் வியாழனும் மிச்சம் இருந்தன. கரையோரமாகவே பொத்துவில் வரை போகிற ரோட்டைப் பார்த்ததும் கால் அரித்தது.

சைக்கிள் கடைக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். ஊரே அவரைக் காக்கா என்றது. அண்ணன் என்று அர்த்தம். உள்ளூர்க்காரன் சைக்கிள் எடுத்தால் அவர் எதையும் கேட்பதில்லை. யார் எந்த வீட்டு மருமகன் என்பது அவருக்கு அத்துப்படி. அந்தப் பக்கத்தில் கல்யாணம் ஆனால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போகிறான்; வீடு பெண்ணுக்குச் சொந்தம். எனக்கோ வீடும் இல்லை, மாமியாரும் இல்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றி நீட்டினேன்.

“மணிக்கூட்ட வெச்சி நான் என்ன செய்யிற? பாஸ்போட்டத் தாங்க. அதுக்காகவாவது திரும்பி வருவீங்கதானே.”

பொத்துவில் வரை போகப் போவதையும் வெள்ளிக்கிழமை பஸ்ஸையும் சொல்லிக் கொடுத்தேன். அதைத் தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய பிறகுதான் விஷயத்தைச் சொன்னார்.

“நாளைக்கிப் பின்னேரம் நாலு மணிக்கு முந்தி வந்திருங்க தம்பி. நாளைக்கி இருபத்தொம்பதாம் நோம்பு. பொழுதுபட்டாப் புறகு பிறை கண்டா, வெள்ளிக்கிழமை பெருநாள். மூணு நாளைக்கி நான் கடை தொறக்க மாட்டன். உம்மாட ஊருக்குப் போயிருவன்.”

“பிறை தெரியலேன்னா?”

“தெரியாட்டி முப்பது நோம்பு. வெள்ளிக்கிழம காலத்தால கடை தொறப்பன்.”

நாலு மணிக்குத் திரும்பிவிடப் போகிறவனுக்கு வானத்தில் என்ன வேலை என்று நினைத்து ஏறி மிதித்தேன்.

பச்சைப் பெயிண்ட் அடித்த சைக்கிள். பின் மட்கார்டில் வெள்ளையாக ஏழு என்று எழுதியிருந்தது. இடப்பக்கம் தென்னைகளுக்கு அப்பால் கடல். வலப்பக்கம் அறுவடை நடக்கிற வயல். அதன் மேலாக வரும் சூடான காற்றைக் கச்சான் என்கிறார்கள். அது வைக்கோல் தூசியை அள்ளி முகத்தில் அடித்தது. நான் பாடினேன், தூசியை மென்று துப்பிவிட்டு மறுபடியும் பாடினேன். வேலையில்லாத இரண்டு வருடமும் சைக்கிள் ஓட்டியிருக்கிறேன், ஆனால் அது யாரிடமோ ஒளிந்து ஓடுவதுபோல இருக்கும். அன்றைக்குத்தான் முதல்முறையாக வேலை கிடைத்தவன் மிதிக்கிற மாதிரி மிதித்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

அந்த ரோட்டில் முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் மாறி மாறி வரும். காரைதீவில் தோசை கிடைத்தது. நிந்தவூரில் நோன்புக்காக மூடிய தேத்தண்ணீர்க் கடை வாசலில் சாக்குத் தொங்கியது. அட்டாளைச்சேனையிலும் சாக்கு, அக்கரைப்பற்றிலும் சாக்கு. திருக்கோவிலில் பிட்டைக் கண்டதும் கடைக்காரரே பயப்படும்படி சாப்பிட்டேன். ஊருக்கு ஊர் என்னை நிறுத்தி விசாரித்தார்கள். பொத்துவில் என்றதும் மட்கார்டைப் பார்த்துச் சிரித்தார்கள். வாடகைச் சைக்கிள் என்பது சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய் வருவதற்கு. அதை எடுத்துக்கொண்டு ஊர் தாண்டிப் போகிறவனை அவர்கள் பார்த்ததில்லை.

இரவு பொத்துவில் பள்ளிவாசல் விறாந்தையில் படுக்கப் பாய் கொடுத்தார்கள். பயணம் போகிறவனை அங்கே முசாபிர் என்கிறார்கள். முசாபிர் என்று சொல்லிவிட்டால் பிறகு பெயர்கூடக் கேட்பதில்லை.

வியாழக்கிழமை விடியும்போதே கிளம்பினேன். கோமாரிக்குக் கிட்டே முன் சக்கரம் புஸ்ஸென்றது. தள்ளிக்கொண்டு ஊருக்குள் போனால் சைக்கிள் கடை கிடையாது. கரியரில் மீன்பெட்டி கட்டிய ஒருவர் நின்றார். ஒட்டுப் போடும் சாமான் அவரிடம் இருந்தது. ஆனால் மீன் விற்ற பிறகுதான் ஒட்டுவேன் என்றார். “மீன் பழுதாப் போகும் தம்பி, டியூப் பழுதாப் போகாது.” நியாயமான பேச்சு. அன்றைக்கென்று பார்த்து மீன் விற்கவில்லை. நானும் கூடவே நடந்து, நாலு வீட்டில் மீன்காரரைவிடச் சத்தமாகக் கூவினேன். ஒட்டு விழும்போது வெயில் சாய்ந்துவிட்டது.

அக்கரைப்பற்றுக்கு வந்தபோது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. கல்முனைக்கு இன்னும் இரண்டு மணி நேரம் மிதிக்க வேண்டும். நாலு மணி எப்போதோ போயிற்று. இனி எனக்கு ஒரே வழிதான். பிறை தெரியக் கூடாது. மேற்கே மேகம் குவிந்து கிடந்தது. வாழ்க்கையில் மேகத்தை அவ்வளவு ஆசையாக நான் பார்த்ததில்லை.

ஒரு மனிதர் ரோட்டின் நடுவில் வந்து கையை விரித்து நின்றார். அறுவடைக் களத்திலிருந்து வந்தவர் போலும், முடியெல்லாம் பதர்.

“நோம்பு தொறக்கிற நேரத்தில எங்ககா ஓடுறீங்க? எறங்குங்க.”

“நான் நோன்பு இல்லீங்க. முஸ்லிமும் இல்லே.”

“பசி இரிக்கிதானே?”

இறங்கினேன். பாங்கு சொன்னதும் அவர் பேரீச்சம்பழம் ஒன்றை வாயில் போட்டார். அவருடைய மனைவி எனக்கும் ஒரு கோப்பை கஞ்சி கொடுத்தார். இஞ்சியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த சூடு வயிற்றில் இறங்கியபோது கப்பலையே கொஞ்ச நேரம் மறந்துவிட்டேன். அவர்களுடைய மகளுக்கு ஆறு வயது இருக்கும். பெருநாள் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் பகலிலேயே அவளுக்கு மருதாணி வைத்துவிட்டிருந்தார்கள். இன்னும் கழுவாத இரண்டு உள்ளங்கைகளையும் எதிலும் படாமல் விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவர் தொழுதுவிட்டு வந்ததும் எல்லோரும் வாய்க்கால் கட்டுக்கு ஓடினோம். ஊரில் பாதி அங்கே நின்றது. காலம் பூராவும் கடலைப் பார்த்துப் பிழைக்கிறவர்கள், அன்றைக்கு ஒருநாள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வயலுக்கு மேலே பார்த்தார்கள். மேகம் அசையவில்லை. “மூடலாக் கிடக்கு” என்று ஒருவர் சலித்துக்கொண்டார். “நாளைக்கும் நோம்புதான்” என்றார் இன்னொருவர். இரண்டு பேராக, மூன்று பேராகத் திரும்ப ஆரம்பித்தார்கள். எனக்கு உள்ளுக்குள் மேளம் கொட்டியது. காலையில் கடை திறக்கும், பாஸ்போர்ட் கிடைக்கும், கப்பல், வேலை, அப்பாவின் முகம்.

அப்போது இரண்டு மேகத்துக்கு நடுவில் ஒரு சந்து விட்டது. சைக்கிள் கம்பி ஒன்றை லேசாக வளைத்து வைத்ததுபோல மெல்லிசாக அது நின்றது. திரும்பிப் பார்த்தேன். வேறு யாரும் பார்க்கவில்லை. வாயை மூடிக்கொள், ஒரு நிமிஷம்தான், மூடிவிடும் என்று எனக்கு நானே சொன்னேன். பக்கத்தில் நின்ற அந்தக் குழந்தை அந்தக் கைகளை விரித்தபடியே என்னைப் பார்த்தது.

“மாமா, உங்களுக்குத் தெரியிதா?”

அது கேட்காமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. “அதோ!” என்று நான் போட்ட சத்தத்தில் பத்துப் பேர் திரும்பினார்கள்.

“எங்கெ? எந்தப் பக்கம்? நீங்க கண்டாப் போதாது, நாங்க காணணும்!” என்று அவளுடைய வாப்பா என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“அந்த ஒத்தைத் தென்னைக்கு இடப்பக்கம். ரெண்டு மேகத்துக்கு நடுவுல. கொஞ்சம் கீழே!”

முதலில் அவர் கண்டார். பிறகு ஒரு கிழவர் கண்டார். பிறகு வாய்க்கால் கட்டு முழுவதும் “அல்லாஹு அக்பர்” என்று எழுந்தது. குழந்தை மருதாணிக் கையை மறந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டு குதித்தது. நானும் குதித்தேன். என் வேலைக்கு நானே உலை வைத்துவிட்டுக் குதித்த கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அன்றிரவு, இருட்டில் விடமாட்டோம் என்று பிடித்து வைத்த குழந்தையின் வீட்டில் படுத்தபோது சிரிப்பு வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவர்கள் பெருநாள் தொழுகைக்குப் புறப்பட்டபோது நானும் சைக்கிளை எடுத்தேன். கடைப் பூட்டை உடைப்பதா, காக்காவின் அம்மா எந்த ஊர் என்று தேடுவதா, ஒன்றும் ஓடவில்லை. போகும்போது பட்டினி போட்ட ஊர்களெல்லாம் இப்போது வட்டிலப்பம், தொதல் என்று பெருநாள் இனிப்புகளோடு ரோட்டுக்கு வந்துவிட்டன. அவசரம் என்றேன். “ஓம், அவசரமா ஒரு துண்டு தின்னுங்க” என்றார்கள். கவலையும் தொதலும் ஒன்றாக உள்ளே போயின. கவலையைவிடத் தொதல் நன்றாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நிந்தவூரைத் தாண்டி வயல் வெளியில் வரும்போது எதிரே ஒருவர் பறந்து வந்தார். புதுச் சாரன், புதுச் சட்டை, பச்சைச் சைக்கிள். அது காக்கா. என்னைக் கண்டதும் கால்களைத் தரையில் தேய்த்து நிறுத்தினார்.

“எங்ககா போயிட்டீங்க? இந்தாங்க உங்கட பாஸ்போட்!” சாரனின் இடுப்பு மடிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். “ராவு பொண்டாட்டிக்கிட்ட விசயத்தச் சொன்னன். ‘ஒரு முசாபிர்ட சாமானப் பூட்டி வெச்சிட்டு என்ட ஊட்டுக்குள்ள பெருநாள் கொண்டாட ஏலா’ எண்டுட்டா. ஊடு அவடதானே. தொழுதுபோட்டு ஒருத்தரோடயும் கதைக்காம ஏறி வாறன்.”

பாஸ்போர்ட்டைச் சட்டைப் பைக்குள் பத்திரப்படுத்தினேன். அவர் மூச்சு வாங்கியபடி பேசினார்.

“எல்லாம் இந்தப் பிறையால வந்த வேல. கல்முனையில ஒரே மூடல், ஒருத்தருக்கும் தெரியல்ல. அக்கரைப்பற்றில கண்ட எண்டு பிந்தித்தான் சேதி வந்திச்சி. ஆர் கண்டானோ!”

“நான்தான் காக்கா.”

“என்ன?”

“மொதல்ல பாத்தது நான்தான். சத்தம் போட்டுக் காட்டினேன்.”

“கண்டா கடை பூட்டு எண்டு உங்களுக்குத் தெரியுமே?”

“தெரியும். ஒரு பொண்ணு தெரியுதான்னு கேட்டுச்சு. தெரிஞ்சுது. என்ன சொல்றது?”

அவர் சைக்கிளை அப்படியே ரோட்டில் விட்டார். அது விழுந்தது, என்னுடையதும் விழுந்தது. பெருநாளில் கட்டிக்கொள்வதுபோல இந்தத் தோளும் அந்தத் தோளுமாக மூன்று முறை கட்டிக்கொண்டார். அத்தர் வாசனை என் அழுக்குச் சட்டையில் ஒட்டிக்கொண்டது. எனக்குக் கண் கலங்கியது. கச்சான் தூசி என்று சொல்லிவைத்தேன்.

“இண்டைக்கி நான் முதல்ல கட்டிப் புடிச்சது உங்களத்தான்” என்றார். “உம்மாட்டச் சொல்லிராதீங்க.”

அவருடைய உம்மாவை நான் எந்தக் காலத்திலும் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்தேன். பிறகு அவருடைய மூன்றாம் நம்பர்ச் சைக்கிளும் என் ஏழாம் நம்பரும் பக்கம் பக்கமாகக் கல்முனைக்கு மிதித்தன.

திங்கட்கிழமை ஒன்பதே முக்காலுக்குப் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டேன். துவைத்தும் போகாமல் சட்டையின் ஓரத்தில் ஐந்து சின்ன விரல்கள் சிவப்பாக இருந்தன.