என் பெயருக்கு வந்த மணியார்டர்

மாதம் ஐந்நூறு ரூபாய்க்கு வளர்ந்த பிள்ளை நான். அம்மாவும் அப்பாவும் பிரிந்தபோது, என்னை வைத்துக்கொண்ட அம்மாவுக்கு அப்பா அந்தத் தொகையைத் தர வேண்டும் என்று கோர்ட்டில் தீர்ப்பாயிற்று. பட்டுக்கோட்டையில் தேங்காய் மண்டி வைத்திருந்த அப்பா, பல்லைக் கடித்துக்கொண்டு மாதாமாதம் திருவாரூருக்கு மணியார்டர் அனுப்பினார்.

எனக்கு ஒன்பது வயதானபோது அம்மாவுக்குத் திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை கிடைத்தது. பத்துப் பெண்கள் தங்கும் அறையில் பிள்ளைக்கு இடமில்லை. நான் அப்பாவிடம் வந்து சேர்ந்தேன். அந்த மாதமே அவர் பணத்தை நிறுத்திவிட்டார். வக்கீல்தான் பதறினார். பிள்ளை இடம் மாறினால் போதாதாம், உத்தரவும் மாற வேண்டுமாம். அதுவரை பாக்கி ஏறிக்கொண்டே போகுமாம். மறுபடியும் கோர்ட்.

ஐந்நூறு ரத்தானது. அதோடு முடிந்தது என்று எல்லோரும் எழுந்தபோது, மாதம் நூற்றைம்பது ரூபாய் தான் தருவதாக எழுதிக்கொள்ளச் சொன்னாள் அம்மா.

"யாரும் கேக்கலையேம்மா," என்றார் நீதிபதி.

"இருக்கட்டுங்கய்யா. எங்கிட்டேருந்தும் மாசாமாசம் ஏதாச்சும் போகணும்."

அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. விட்டுப்போனவள் காசில் பிள்ளை வளர்க்கிறான் என்று மண்டியில் நாலு பேர் சிரிப்பார்களே! மூன்று மாதம் வந்த பணத்தை வாங்காமல் திருப்பினார். நான்காவது மாதம் அது என் பெயருக்கே வந்தது.

"ஒம் பேருக்குத்தானே வந்திருக்கு, நீயே சொல்லு," என்றுவிட்டு அப்பா பேப்பரைப் பிரித்துக்கொண்டார். ஏற்கெனவே ஒரு வீடு கைவிட்டுப் போயிருந்தது. இவருக்கும் கோபம் வந்தால் எங்கே போவது என்று பயமாக இருந்தது.

"வேணாங்க," என்றேன்.

தபால்காரர் நகரவில்லை. "கீழ சீட்டுல அம்மா ஏதோ எழுதியிருக்காங்க பாப்பா. பணத்த வாங்கினாத்தான் அதக் கிழிச்சுத் தர முடியும்."

"வேணாங்க." இந்த முறை அப்பாவுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன். சாயங்காலம் கடைத்தெருவில் எனக்கு ரோஸ்மில்க் கிடைத்தது. பெருமையாகத்தான் குடித்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அம்மா போட்ட கடிதங்களை அப்பா மண்டியிலேயே கிழித்துப்போட்டு வந்தது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. கோர்ட்டில் எழுதிய பணத்தோடு வரும் நாலு வரியை யாராலும் தடுக்க முடியாது என்று அவள் நம்பியிருக்கிறாள். அடுத்த மாதம் எதுவும் வரவில்லை. என் பெயருக்குப் பக்கத்தில் 'வாங்க மறுத்துவிட்டார்' என்று எழுதித்தான் அந்த மணியார்டரைத் திருப்பூருக்குத் திருப்பி அனுப்புவார்கள் என்று அன்றைக்கு எனக்கு யாரும் சொல்லவில்லை.